கணப்புக்கு மேலே சுருட்டுப் பெட்டி

டிசம்பர் 3, செவ்வாய்

என்னைப் பார்த்ததும் தேவநேசன் பெட்டியை மூடினான். சாதாரணமாக மூடவில்லை, சட்டென்று மூடினான். முப்பது வருடத்துக்கு மேல் வங்கியில் இருந்தவன் நான். அதில் பின்பாதி முழுக்க விஜிலன்ஸ் பிரிவு. ஒருவன் பெட்டியை மூடுகிற விதத்தை வைத்தே பாதி விசாரணையை முடித்துவிடுவேன்.

பெட்டி போஜராஜனுடையது. இங்கே குன்னூரில் தேயிலைத் தொழிற்சாலை வைத்திருப்பவர், எங்கள் சில்வர் ஓக் கிளப்பின் மூத்த உறுப்பினர். மகளின் பிரசவத்துக்காக மெல்போர்ன் போயிருக்கிறார், ஜனவரி கடைசியில்தான் வருவார். அவருடைய விலை உயர்ந்த கியூபா சுருட்டுகள் அந்தப் பெட்டியில் இருக்கின்றன. ஹியூமிடார் என்று பெயராம். உள்ளே செடார் மரப் பலகை, மூடியில் கடிகாரம் மாதிரி ஒரு முள். உள்ளே எவ்வளவு ஈரம் என்று அந்த முள் காட்டுமாம். "கொஞ்சம் பார்த்துக்குங்க செக்ரட்டரி" என்று சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினார். சீட்டாட்ட அறைக்குப் பின்னால், ஜன்னலே இல்லாத ஓர் அறையில், அலமாரிக்குள் அது இருக்கிறது. திருடுவதற்கென்றே பார்த்து வைத்த இடம்.

"இங்கே என்ன வேலை?" என்றேன்.

"தண்ணி ஊத்த வந்தேன் சார். வாரம் ஒருக்கா ஊத்தணும்னு போஜராஜன் சார் சொல்லியிருக்காரு."

அவன் கையில் லேபிள் இல்லாத ஒரு சின்ன பாட்டில். தேவநேசன் எங்கள் பாரைப் பார்த்துக்கொள்கிறவன், ஐம்பது வயதைத் தாண்டியவன். சுருட்டுக்குத் தண்ணீர் ஊற்றுகிறானாம். ரோஜாத் தொட்டி என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது.

டிசம்பர் 5, வியாழன்

பெட்டியை இடம் மாற்றிவிட்டேன். ஹாலில் குளிர்காய விறகு எரிக்கிற கணப்புக்கு மேலே ஒரு கல் பலகை இருக்கிறது, அங்கே வைத்தாயிற்று. என் நாற்காலியில் உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராகத் தெரியும். சாவியைத் தேவநேசனிடமிருந்து வாங்கிக்கொண்டேன். பாட்டிலை ஒரு உறையில் போட்டு, ஒட்டி, தேதி எழுதி, என் மேஜை டிராயரில் வைத்தேன். பழைய வழக்கம் விடுவதில்லை.

இங்கே பயங்கரக் குளிர். மாலையானதும் கணப்பில் சீகை மர விறகை அடுக்கி நன்றாகக் கொளுத்தச் சொன்னேன். செக்ரட்டரி ஆகி ஐந்து மாதத்தில் இன்றுதான் நிம்மதியாக ஒரு சின்ன பிராந்தி குடித்தேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

காலை, மதியம், மாலை மூன்று வேளையும் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு சுருட்டையும் எடுத்துப் பார்த்து வைத்தேன். எல்லாம் சரியாக இருக்கின்றன. இனி தினமும் இப்படித்தான்.

வீட்டுக்கு, மனைவி அம்சவேணிக்கு கேரட்டும் பீன்ஸும் வாங்கிக்கொண்டு போனேன். பீன்ஸ் முற்றலாம். கடைக்காரன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அடியிலிருந்து அள்ளிப் போட்டிருக்கிறான்.

டிசம்பர் 12, வியாழன்

மூடியில் உள்ள முள் இறங்கியிருக்கிறது. இடம் மாற்றிய அன்று எழுபதைக் காட்டியது. இன்று ஐம்பத்தைந்து. முள் தானாக இறங்குமா? யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

தேவநேசனும் நேரம் பார்த்து வந்து நின்றான். "சார், தண்ணி ஊத்தி ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு. உள்ள ஒரு பஞ்சு இருக்கு, அது காஞ்சிருக்கும். சாவி குடுத்தா ஒரு நிமிஷத்துல ஊத்திட்டுத் தந்துடுறேன்."

திருட நினைப்பவனுக்குப் பெட்டிக்குள் எப்போதும் ஏதாவது ஒரு வேலை இருக்கும். எங்கள் கிளைகளில் காசாளர்கள் சொல்லாத காரணமா? "உன் வேலை பார்ல. பெட்டி என் பொறுப்பு" என்றேன். ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டான். உண்மையானவனாக இருந்தால் நான்கு வார்த்தை வாதாடியிருக்க மாட்டானா?

டிசம்பர் 19, வியாழன்

கிடைத்துவிட்டது!

ஒவ்வொரு சுருட்டின் இடுப்பிலும் ஒரு காகிதப் பட்டை உண்டு. கம்பெனியின் பெயர் பொன்னெழுத்தில் இருக்கும். இன்று ஒரு சுருட்டைத் தூக்கியதும் பட்டை அப்படியே வழுக்கி என் மடியில் விழுந்தது. இன்னொன்றைத் தூக்கினேன், அதிலும் தளர்ந்திருந்தது. இந்த மாதத் தொடக்கத்தில் எல்லாம் கிண்ணென்று ஒட்டிக்கொண்டிருந்தவை.

எண்ணிக்கை குறையவில்லை. அதுதான் இந்த ஆளின் சாமர்த்தியம். நல்ல சுருட்டின் பட்டையைக் கழற்றி, அதைவிட ஒல்லியான மட்டச் சுருட்டில் மாட்டி, பெட்டியில் வைத்திருக்கிறான். கவரிங் நகையை வைத்துவிட்டு அசல் நகையைக் கொண்டுபோன, நகை மதிப்பிடும் ஒரு அப்ரைசரை நான் பிடித்திருக்கிறேன். இதுவும் அதே வித்தைதான்.

சாவி என்னிடம் இருக்கிறதே என்று ஒரு கணம் யோசித்தேன். நான் சாப்பிடப் போகிற நேரத்தில் ஹாலில் யார் இருக்கிறார்கள்? தேவநேசன்தான்.

டிசம்பர் 23, திங்கள்

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மட்டச் சுருட்டு வேண்டும் என்று மார்க்கெட்டில் ஒன்று வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அதை மறந்து வீட்டுக்குப் போய்விட்டேன். அம்சவேணி சட்டையைத் துவைக்க எடுத்தவள் வாசல் வரை வந்துவிட்டாள்.

"இது என்ன புதுப் பழக்கம்? இந்த வயசுல சுருட்டு குடிக்குதீங்களா?"

"குடிக்கலடி. இது சாட்சி."

"சாட்சி என்னத்துக்குச் சட்டைப் பையில நாறுது? யார் கூடச் சேர்ந்து குடிச்சீங்க, உண்மையச் சொல்லுங்க."

எவ்வளவு விளக்கியும் நம்பவில்லை. என் வாயை மோந்து பார்த்தாள். நாற்பது வருடம் கூட வாழ்ந்தவனை ஒரு சுருட்டுத் துண்டை வைத்துச் சந்தேகப்படுகிறாளே என்று மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

டிசம்பர் 25, புதன்

தேவநேசனும் அவன் மனைவி ரோஸ்லினும் வீட்டுக்கே கேக் கொண்டுவந்து கொடுத்தார்கள். போன வருடம் கொடுக்கவில்லை. போன வருடம் நான் செக்ரட்டரி இல்லை என்கிறாள் அம்சவேணி. இருந்தாலும் நான் தொடவில்லை. அவள் இரண்டு துண்டு சாப்பிட்டாள்.

ஜனவரி 4, சனி

இனி சந்தேகம் என்று சொல்ல முடியாது, நிரூபணம் என்றே சொல்லலாம். இரண்டு சுருட்டுகளில் சின்னஞ்சிறு துளைகள். வட்டமாக, சுத்தமாக, ஊசியால் குத்தினது போல. உள்ளே இருப்பது நல்ல இலையா என்று பார்க்கக் குத்தியிருக்கிறான். ஒன்றின் மேல் இலை வெடித்து நீளமாகக் கிழிந்தும் இருக்கிறது. அவசரத்தில் நடந்திருக்கும்.

முள் நாற்பதுக்குக் கீழே. கல் பலகையைத் தொட்டால் கை வெதுவெதுவென்று இருக்கிறது. இந்த வருடம் பனி அதிகம் என்பதால் கணப்பைக் காலையிலும் மூட்டச் சொல்லியிருக்கிறேன். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று காவல் காக்கிறவனுக்கு அந்தச் சூடுதான் ஒரே ஆறுதல்.

ஜனவரி 11, சனி

கமிட்டி கூடியது. நழுவிய பட்டைகள், துளைகள், திருகிய முள், லேபிள் இல்லாத பாட்டில் எல்லாவற்றையும் மேஜை மேல் வரிசையாக வைத்தேன். தலைவர் பெருமூச்சு விட்டார். தேவநேசனை பாரிலிருந்து கூப்பிட்டார்கள். உறுப்பினர்கள் பலர் கையில் கோப்பையோடு திரும்பிப் பார்த்தார்கள்.

"இதுக்கு என்ன சொல்றே?" என்றேன்.

"நான் எடுக்கல சார்."

"பட்டை எப்படிக் கழண்டுச்சு?"

"தெரியாது சார்."

"துளை?"

"தெரியாது சார். நான் தண்ணி மட்டும்தான் ஊத்துவேன்."

"எல்லாரும் கேட்டுக்குங்க. மறுபடியும் தண்ணி!" என்றேன். இரண்டு பேர் சிரித்தார்கள். தேவநேசன் யாரையும் பார்க்கவில்லை. வெள்ளைக் கோட்டைக் கழற்றி மடித்து, பொத்தானைப் போட்டு, நாற்காலியின் முதுகில் வைத்துவிட்டு நின்றான். போலீசுக்குப் போகாமல் வேலையை விட்டு அனுப்புவது, குவார்ட்டர்ஸை மூன்று நாளில் காலி செய்யச் சொல்வது என்று முடிவானது. கருணையான முடிவு என்று தலைவர் குறிப்பில் எழுதச் சொன்னார்.

நன்றாகத் தூங்கலாம் என்று நினைத்தேன்.

ஜனவரி 12, ஞாயிறு

ரோஸ்லின் வந்தாள். அம்சவேணி உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து காபி கொடுத்தாள். என்னைக் கேட்காமல்தான்.

"குவார்ட்டர்ஸ் வேண்டாம் சார், வேலையும் வேண்டாம். திருடன்கிற பேரை மட்டும் எடுத்துடுங்க. இருபத்தாறு வருஷம் பார்ல நின்னவரு, ஒரு சொட்டு நாக்குல வச்சதில்ல. இந்த மலையில எந்தக் கிளப்புல போய்க் கேட்டாலும் முதல்ல உங்களுக்குத்தான் போன் வரும். நீங்க என்ன சொல்லுவீங்க?"

நடந்ததைச் சொல்வேன் என்றேன். காபியைக் குடிக்காமல் எழுந்து போனாள்.

"அந்தப் பிள்ளை மூஞ்சியைப் பாத்தீங்களா?" என்றாள் அம்சவேணி.

"நான் மூஞ்சியைப் பார்க்கிறதில்லை. தடயத்தைத்தான் பார்ப்பேன்."

"அது தெரியுதே" என்று சொல்லிவிட்டு, ஆறிய காபியை எடுத்துக்கொண்டு போனாள்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். தேவநேசனும் ரோஸ்லினும் காலை பஸ்ஸில் மேட்டுப்பாளையம் போய்விட்டார்களாம். அங்கே அவன் மைத்துனன் டீக்கடை வைத்திருக்கிறான்.

ஜனவரி 20, திங்கள்

பெட்டியைத் திறந்தேன். துளை விழுந்த ஒரு சுருட்டிலிருந்து பூச்சி ஒன்று வெளியே வந்தது. பழுப்பு நிறம், கடுகை விடக் கொஞ்சம் பெரிது. பழைய அரிசியில் வருமே, அந்த ஜாதி. செடார் பலகை மேல் கொஞ்ச தூரம் நடந்து நின்றது. அது வந்த துளையையும் அதையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். அளவு சரியாக இருந்தது.

கைக்குட்டையால் எடுத்துக் கணப்பில் போட்டேன். ஹாலில் வேறு யாரும் இல்லை.

ஜனவரி 22, புதன்

துளைக்குப் பூச்சி காரணம் என்றே வைத்துக்கொள்வோம். பூச்சி பட்டையைக் கழற்றுமா?

இன்று இன்னொரு பட்டை கழன்று விழுந்தது. நேற்று மாலை நானே அழுத்திப் பார்த்துவிட்டு வைத்த சுருட்டு அது. தேவநேசன் மேட்டுப்பாளையத்தில் இருக்கிறான். மாற்றுச் சாவி செய்து வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். ஆசாரியை வரவழைத்துப் பூட்டை மாற்றினேன்.

ஜனவரி 27, திங்கள்

புதுப் பூட்டுக்கு ஒரே சாவி. அது என் அரைஞாண்கயிற்றில் கட்டியிருக்கிறது. குளிக்கும்போதும் கழற்றவில்லை. இன்று காலை பெட்டியில் ஐந்து பட்டைகள் கழன்று கிடந்தன.

விசாரணை முறைப்படி, பெட்டியைத் தொடும் வாய்ப்பு யாருக்கெல்லாம் இருந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். இப்போது ஒரே ஒரு பெயர்தான் மிச்சம். அதை இங்கே எழுத வேண்டிய அவசியம் இல்லை.

குவார்ட்டர்ஸுக்கு வெள்ளை அடிக்கிறார்கள். புது ஆள் அடுத்த மாதம் வருகிறான். கமிட்டியை மறுபடியும் கூட்டலாமா என்று நினைத்தேன். ஆனால் என்ன சொல்லிக் கூட்டுவது? போஜராஜன் நான்கு நாளில் வந்துவிடுவார், வரட்டும், பார்த்துக்கொள்ளலாம். நான்கு நாளில் யாருக்கு என்ன கெட்டுவிடப் போகிறது?

"ஏன் புரண்டுக்கிட்டே கிடக்குதீங்க?" என்று அம்சவேணி கேட்டாள். வாயு என்றேன்.

ஜனவரி 31, வெள்ளி

போஜராஜன் வந்தார். பேரன் பிறந்த சந்தோஷத்தில் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தார். பெட்டியைத் தேடிப் பின் அறைக்குப் போய், காணாமல் ஹாலுக்குத் திரும்பி வந்து, கணப்பைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"யாருங்க இதை அடுப்பு மேல வச்சது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பூட்டைத் திறந்து கொடுத்தேன். ஒரு சுருட்டை எடுத்து என் காதருகே கொண்டுவந்து விரலால் உருட்டினார். சருகை மிதித்தாற்போலச் சத்தம் கேட்டது.

"கேக்குதா செக்ரட்டரி? ஃபேக்டரியில பச்சைத் தழையை வாட்டுறதுக்கு அடியில சூடா காத்து விடுவோம். நீங்க அதே வேலையை இங்க ரெண்டு மாசம் பண்ணியிருக்கீங்க. சுருட்டுக்குக் குளிர்ச்சியும் ஈரமும் ரெண்டும் சரியா நிக்கணும். அதுக்குத்தான் அந்த இருட்டு அறை. சூடு ஏறினா ஈரம் ஓடிடும். ஈரம் போனா சுருங்கும், சுருங்கினா பட்டை நழுவும், மேல் இலை வெடிக்கும். பெட்டியை அடிக்கடி வேற திறந்தீங்களா?"

"தினமும் மூணு வேளை" என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "இதோ இந்தத் துளை, இது பூச்சி வேலை. முட்டை இலையோடவே வந்துடும். குளிர்ச்சியா வச்சா அப்படியே தூங்கிக்கிட்டு இருக்கும். அடுப்பு மேல வச்சா பொரிக்காம என்ன செய்யும்?"

டிராயரைத் திறந்து பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். உறையில் என் கையெழுத்தும் தேதியும் இருந்தன. அவர் மூடியைத் திறந்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார்.

"டிஸ்டில்டு வாட்டர். பேட்டரிக்கு ஊத்துறது. நான்தான் தேவநேசன்கிட்ட வாங்கிக் குடுத்தேன். இதை விடாம ஊத்தச் சொல்லிட்டுத்தானே போனேன்." சுற்றிலும் பார்த்தார். "எங்க அவன்?"

அன்றைக்குச் சிரித்த இரண்டு பேரும் ஜன்னல் வழியே வெளியே பார்த்தார்கள். நான்தான் சொன்னேன். அவர் சுருட்டைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை.

வெட்கமாக இருக்கிறது. பூச்சியைப் பார்த்தபோதே எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 3, திங்கள்

கமிட்டியின் கடிதத்தோடு மேட்டுப்பாளையம் போனேன். வேலை, குவார்ட்டர்ஸ் எல்லாம் பழையபடி என்று தலைவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். மலை இறங்க இறங்க வெயில் ஏறியது, ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன்.

பஸ் நிலையத்துக்கு எதிரே டீக்கடை. தேவநேசன் பாய்லர் பக்கத்தில் வியர்வை வழிய நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் பெஞ்சைத் துடைத்து, "உக்காருங்க சார்" என்றார். கேட்காமலே சர்க்கரை இல்லாமல் ஒரு டீ கொண்டுவந்து வைத்தார். எனக்குச் சர்க்கரை என்பது அவருக்கு நினைவிருந்தது.

சுருட்டு காய்ந்துபோனது, கணப்பு, பூச்சி, எல்லாவற்றையும் சொன்னேன். "தப்பு என்னுடையது. மன்னிச்சுக்குங்க தேவநேசன்" என்றேன். கடிதத்தை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"தண்ணின்னு நான் சொன்னேன் சார். நீங்க நம்பல. இப்ப சுருட்டு சொல்லுது, நம்புறீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். வேறு யாரோ டீ கேட்டார்கள், அவர் போய்விட்டார். கடிதத்தைப் பெஞ்சில் வைத்துவிட்டு டீயைக் குடித்தேன்.

ரோஸ்லின்தான் உள்ளிருந்து வந்து கடிதத்தை எடுத்துப் படித்தாள்.

"வருவாரு சார். இந்த வெக்கை அவருக்கு ஒத்துக்கல, எங்களுக்கும் வேற போக்கிடம் இல்ல. ஆனா நீங்க செக்ரட்டரியா இருக்கிற கிளப்புக்கு வரமாட்டாரு. அதைச் சொல்ல அவருக்கு வாய் வராது. அதான் நான் சொல்றேன்."

பிப்ரவரி 5, புதன்

ராஜினாமா எழுதினேன். காரணம், உடல்நலக் குறைவு. அம்சவேணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். காரணத்தை மட்டும் பேனாவால் அடித்துவிட்டு, பேனாவை என் கையில் வைத்தாள்.

"இதையாச்சும் உள்ளதை உள்ளபடி எழுதுங்க" என்றாள்.

பல தாள்களைக் கிழித்தேன். கடைசியில் வந்தது ஒரே வரி. குற்றமற்ற ஒருவரை, விசாரிக்கிறேன் என்ற பெயரில், எல்லோர் முன்னாலும் நான் திருடன் ஆக்கினேன். அதை நோட்டீஸ் பலகையில் போடச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

தேவநேசன் வேலைக்குத் திரும்பி ஒரு வாரமாகிறது. கிளப்புக்குப் போகாமலே இருந்தேன். "எத்தனை நாள் வீட்டுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு இருப்பீங்க?" என்று அம்சவேணி விரட்டியதால் இன்று போனேன்.

பழைய நாற்காலியில் உட்காராமல் ஓரமாக ஒரு மேஜையில் உட்கார்ந்தேன். போஜராஜன் கையசைத்தார். சுருட்டுகளில் பாதியாவது தேறும் என்றார். தண்ணீரைத் திடீரென்று ஊற்றினால் வெடித்துவிடுமாம். மெல்ல மெல்ல ஈரம் ஏற்ற வேண்டும், மாதக் கணக்கில் ஆகும், போன வாசனை மட்டும் திரும்பாது என்றார்.

தேவநேசன் வந்தார். வெள்ளைக் கோட்டு, அதே மரியாதை. "வழக்கம்போல சின்ன பிராந்தியா சார்?" என்றார். ஆமாம் என்றேன். பாட்டிலையும் அளவுக் கிண்ணத்தையும் என் மேஜைக்கே கொண்டுவந்தார். கிண்ணத்தில் விளிம்பு வரை ஊற்றி, அதை என் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, நான் பார்த்துத் தலையசைக்கும் வரை காத்திருந்தார். அதற்குப் பிறகுதான் கோப்பையில் கவிழ்த்தார்.

மற்ற மேஜைகளைக் கவனித்துக்கொண்டே இருந்தேன். வேறு யாருக்கும் அவர் அப்படிக் காட்டவில்லை.